ஒன்பது புள்ளிச் சதுரங்கம்

எழுத வராதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்து, கடைக்கு மளிகைச் சாமான், பூட்டிய கதவில் சாக்பீஸால் "சாவி பக்கத்து வீட்டில்" என்று ஒரு வரி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னாலும் சொல்லுவேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து நிவேதா டீச்சர்தான் இதற்குக் காரணம். சின்னப் பிள்ளை, வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்த என்னைப் போன மாதம் ஆள் விட்டுக் கூப்பிட்டு ஒரு விரிப்பைக் காட்டியது. ஃப்ளெக்ஸ் துணியில் அச்சடித்த பெரிய செஸ் போர்டு. சுருட்டி வைக்கலாம், விரிக்கலாம், ஈரத்துணியால் துடைக்கலாம். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

"இனிமே யாரும் குனிஞ்சு கட்டம் போட வேண்டாம் ஆயாம்மா. முன்னாடி நீங்களும் பெரிய டீச்சரும் எப்படி நடத்துனீங்கன்னு ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றது.

"எனக்குக் கூச்சமா இருக்கு டீச்சர்."

"எழுதும்போது உங்கள யாரு பாக்கப் போறா?"

அதுவும் சரிதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூர்ப் பக்கம். கட்டிக்கொடுத்தது திண்டுக்கல்லில். வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் தலையெடுக்கும்வரை வீட்டோடு இருந்தேன். அப்புறம் பேகம்பூரைத் தாண்டி இருக்கும் எங்கள் தொடக்கப்பள்ளியில் ஆயா வேலை கிடைத்தது. கூட்டுவது, தண்ணீர் பிடித்து வைப்பது, மணி அடிப்பது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, மத்தியானம் தட்டு எடுத்து வைப்பது. சேர்ந்த ஒரு வாரத்திலேயே எல்லாம் படிந்துவிட்டது. யாரிடமும் நின்று பேச வேண்டாம் என்பதால் எனக்கு அந்த வேலை ரொம்பவே பிடித்துப்போனது.

பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது தலைமையாசிரியை ஜெயசீலி டீச்சரை. ஒல்லியாக, உயரமாக இருப்பார். வெயிலோ மழையோ கையில் குடை உண்டு. சாக்பீஸைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் "தப்பு" என்று சொல்லவே மாட்டார். "சரி, அடுத்து எதிராளி என்ன செய்வான்?" என்பார். சொல்லிவிட்டு கொட்டகைத் தூணில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். பிள்ளை யோசிக்கும்வரை நிற்பார். மணி அடிக்கப் போன நானே சில நாள் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"செத்த நேரம் பொறுங்க பாண்டியம்மா. எனக்குச் சம்பளமே காத்திருக்கத்தான் குடுக்குறாங்க" என்பார்.

செஸ்ஸை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அப்பாவாம். அதை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று அவருக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "உங்களுக்குப் புள்ளிக் கோலம் வரும்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். "ஒம்பது புள்ளி, ஒம்பது வரிசை. வளைக்க வேணாம், நேர்க்கோடுதான். ஒரு புள்ள நிக்கிற அளவுக்குக் கட்டம் வேணும்" என்றார்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடுகிற தகரக் கொட்டகையில்தான் அம்மாம் பெரிய சிமெண்டுத் தரை இருந்தது. பெயிண்ட் அடிக்க நிர்வாகத்தில் விடவில்லை, தரை பாழாகிவிடும் என்றார்கள். அதனால் தினமும் காலையில் கோலமாகப் போடுவது, சாப்பாட்டு மணிக்கு முன்னால் கூட்டித் தள்ளுவது என்று முடிவானது.

முதல் நாள் வீட்டுப் பழக்கத்தில் பச்சரிசி மாவில் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வந்து நிற்பதற்குள் கட்டத்துக்குக் கட்டம் எறும்பு. சிப்பாயாக நின்ற பிள்ளைகள் ஒற்றைக்காலில் குதிக்க, அஸ்லம் என்ற பையன், "டீச்சர், எதிராளி படை உள்ள வந்துருச்சு!" என்று கத்தினான். மறுநாளிலிருந்து கல்லுமாவுக்கு மாறினேன்.

அது மட்டுமா? கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் யாரும் கட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கோலத்தை மிதித்தால் வீட்டில் அடி விழும் அல்லவா? அஸ்லம் போலக் கோலம் போடாத வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் ராஜாவும் மந்திரியுமாக நடுவில் நின்றார்கள். பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியை நினைத்துக்கொண்டு, நான் போட்ட கோலத்தின் நடுவில் போய் நின்றேன். ஆயாவே மிதிக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கிவிட்டார்கள். அவ்வளவு பேர் முன்னால் அப்படி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சூடாகிறது.

கட்டம் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன், நிவேதா டீச்சர் அதைத்தான் முக்கியமாகக் கேட்டது. முதலில் தரையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பாதி காய விட வேண்டும். முழுக்கக் காய்ந்தால் மாவு காற்றில் பறக்கும், ஈரம் இருந்தால் ஒட்டிக்கொண்டு மத்தியானம் போகாது. தூணை ஒட்டி முதல் புள்ளி. அங்கிருந்து முழங்கையும் ஒரு சாணும் விட்டு அடுத்தது. ஒன்பது புள்ளி வைத்த பிறகு அதே போல ஒன்பது வரிசை. புள்ளிகளைச் சேர்த்தால் எட்டுக்கு எட்டுக் கட்டம் வந்துவிடும். பிறகு ஒன்று விட்டு ஒன்று செங்கல் பொடி தூவ வேண்டும். உடைந்த செங்கலை இடித்துச் சல்லடையில் சலித்துக்கொள்வேன். ஆடுகிறவருக்கு வலது கைப்பக்க மூலைக் கட்டம் பொடி தூவாத வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதைப் பெரிய டீச்சர் தினமும் வந்து பார்ப்பார். சோறு சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

கீழ் ஓரத்தில் எட்டுக் கட்டத்துக்கும் அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ என்று எழுத்து. பக்கவாட்டில் ஒன்று முதல் எட்டு வரை எண். நடக்கிற பிள்ளை தான் போகப்போகிற கட்டத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நடக்க வேண்டும். "உ நாலு!" என்று கத்திவிட்டு உ நாலில் போய் நிற்க வேண்டும். எழுத்தும் எண்ணும் ஒரே நேரத்தில் வாயில் வரும் அல்லவா? நாலாவதையும் ஐந்தாவதையும் சேர்த்து நிறுத்தினாலும் முப்பத்திரண்டு காய்க்கு ஆள் காணாது. அதனால் ஒரு நாள் சிப்பாய்கள் மட்டும், ஒரு நாள் யானைகள் மட்டும் என்று அரைகுறை ஆட்டம்தான். தலையில் பழைய காலண்டர் தாளில் செய்த குல்லா. அஸ்லம் எப்போதும் குதிரை. கனைத்துவிட்டுத்தான் தாவுவான்.

தமிழ்ப் பாடத்துக்குக் கட்டத்துக்குள் எழுத்துச் சீட்டுகளைப் போட்டு வைப்பார். குதிரை தாவித் தாவி எழுத்துப் பொறுக்கி ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். கணக்குக்கு, போர்டில் பாதி, கால், அரைக்கால் என்று பிரிப்பார். வெட்டுப்பட்ட பிள்ளை ஒரு கணக்குச் சொன்னால் மறுபடி உள்ளே வரலாம் என்று முதலில் ஒரு விதி வைத்தார். கணக்கு வருகிற பிள்ளைகள் எல்லாம் "டீச்சர் என்னை வெட்டச் சொல்லுங்க, என்னை வெட்டச் சொல்லுங்க" என்று எதிராளி வாயில் போய் விழுந்தார்கள். பெரிய டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் விதியை மாற்றினார். வெட்டுகிறவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வெட்டு செல்லாது.

அந்த விதி வந்த பிறகுதான் முத்துலெட்சுமி யாரையும் வெட்டுவதில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் பட்டது.

முத்துலெட்சுமி அப்போது ஐந்தாவது. அவளுடைய அப்பா சோலைமலை ஆட்டுத் தரகர். வாராவாரம் அய்யலூர்ச் சந்தைக்குப் போவார், மற்ற நாளில் பக்கத்துச் சந்தைகள். அம்மா இல்லை, சின்ன வயதிலேயே தவறிவிட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டே சந்தை சந்தையாகப் போயிருக்கிறார்.

அந்தப் பிள்ளை நன்றாகப் பேசும். கதை சொல்லும், சண்டை போடும், அஸ்லத்தை "போலே, மொட்டைக் குதிரை" என்று வம்புக்கு இழுக்கும். ஆனால் எண் என்று வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும். வாய்ப்பாடு சொல்லாது. எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்றால் சொல்லாது. செஸ்ஸில் எழுத்தை மட்டும் சொல்லும். "ஊ" என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆனால் போய் நிற்கிற கட்டம் எப்போதும் சரியாக இருக்கும். எந்தக் காயாலும் வெட்ட முடியாத இடமாகப் பார்த்துத்தான் நிற்கும்.

பரீட்சைத் தாளில் எழுதுமே என்று கேட்பீர்கள். எழுதும். ஆனால் வாயால் சொல்லாததால், பக்கத்தில் பார்த்து எழுதுகிறாள் என்று மற்ற டீச்சர்கள் நினைத்தார்கள். பெரிய டீச்சருக்குக் கவலை வேறு. ஆறாவதுக்கு எங்கள் பிள்ளைகள் போகிற பெரிய பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. சேர்க்கிற அன்றைக்குப் பிள்ளையை நிற்கவைத்து வாயால் கேள்வி கேட்பார்கள். பதில் வராவிட்டால் ஐந்தாவதிலேயே மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். இதைச் சோலைமலையிடம் சொன்னதற்கு அவர், "கீழ எறக்குனாங்கன்னா படிப்பே வேணாம் டீச்சரம்மா. ஆட்டோட போகட்டும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு நாள் பெரிய டீச்சர் கட்டத்தைத் திண்டுக்கல் மாவட்டமாக ஆக்கினார். நடுவில் திண்டுக்கல். மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி. கிழக்கே நத்தம். தென்மேற்கே ஆத்தூர், அதற்கும் அந்தப் பக்கம் கொடைக்கானல். வடகிழக்கே அய்யலூர். சாக்பீஸால் பெயர் எழுதிவிட்டு, "அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஊர்ல போய் நில்லுங்க" என்றார். முத்துலெட்சுமி ஓடிப்போய் அய்யலூரில் நின்றுகொண்டு, "மே" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"திண்டுக்கல்லுல இருந்து அய்யலூருக்கு ராஜா நடையில எத்தன கட்டம் முத்து?" என்று பெரிய டீச்சர் கேட்டார்.

சிரிப்பு போய்விட்டது. தலை குனிந்துகொண்டது. பெரிய டீச்சர் தூணில் கையை ஊன்றினார். காத்திருந்தார். மற்ற பிள்ளைகளைக் கை கழுவ அனுப்பினார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் தரையில் சம்மணம் போட்டு, அந்தப் பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அப்போது முத்துலெட்சுமி ஒரு காரியம் செய்தாள். டீச்சரின் முந்தானையை இழுத்து அவர் கைமேல் மூடினாள். மூடிய துணிக்குள் தன் கையை விட்டு டீச்சரின் விரலைப் பிடித்து அழுத்தினாள். அழுத்திவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறது என்று நினைத்து, "சரிடா, போய்ச் சாப்பிடு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

முழுப்பரீட்சை நெருங்கும்போது பெரிய டீச்சர் சோலைமலையை ஆள் விட்டுக் கூப்பிட்டார். அவர் சந்தையிலிருந்து நேராக வந்தார். தோளில் துண்டு, வேட்டியில் ஆட்டுப் புழுக்கை வாசம். கொட்டகையில் கட்டம் போட்டிருந்தது. அதை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றி வந்து நின்றார்.

"என்ன டீச்சரம்மா, எம்மக ஊமையா? வீட்டுல வந்து பாருங்க, வாய் ஓயாது."

"ஊமைன்னு யாரு சொன்னா? எண்ண மட்டும் வாயில சொல்ல மாட்டேங்குறா. ஒண்ணு, ரெண்டுகூட."

சோலைமலை மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தது. பிறகு அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வையைத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன், சிரிப்பை மறைத்திருக்கிறார்.

"அட கிறுக்கி! அதயா இன்னும் மனசுல வச்சிருக்க?"

என்னவென்றால், சந்தையில் ஆட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லையாம். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே கையைப் பிடித்து விரலை அழுத்தித்தான் பேச வேண்டும். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை, விட்டுப் பிடித்தால் இத்தனை என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாது. முத்துலெட்சுமி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் அப்பாவின் துண்டுக்குள் கையை விட்டிருக்கிறாள். விரலை எண்ணி, புரிந்துவிட்ட சந்தோஷத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டாள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. வியாபாரம் கலைந்துபோனது. ஆட்டுக்காரன் ஆட்டை ஓட்டிக்கொண்டே போய்விட்டான்.

"அன்னைக்கு ஒரு அறை விட்டேன். 'இனிமே நம்பர வாயில சொன்ன, நாக்க அறுத்துப்புடுவேன்'னு சொன்னேன். அம்புட்டுத்தேன் டீச்சரம்மா. அதுக்கப்புறம் நான் மறந்தே போனேன்."

"அவ மறக்கலையே" என்றார் பெரிய டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. சோலைமலைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "எங்க, நான் கேக்குறேன். அவ உங்க கையில சொல்லட்டும். நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றார்.

சோலைமலை தரையில் உட்கார்ந்து துண்டை விரித்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுக்குள் கையை விட்டாள்.

"நாலஞ்சு?"

துண்டு அசைந்தது. "இருவதுங்கிறா."

"ஆறொம்பது?"

"அம்பத்தி நாலாம்."

"ஏழெட்டு?"

துண்டு கொஞ்ச நேரம் அசையவில்லை. அப்புறம் அசைந்தது. சோலைமலை மகளின் முகத்தைப் பார்த்தார். "அம்பத்தாறுங்கிறா... சரியாத்தேன் சொல்றா." அவர் குரல் மாறிவிட்டது. "ஏலே முத்து, இம்புட்டும் எப்பப் படிச்ச?"

அஸ்லம் தூணுக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்து, "அப்ப எதிராளிக்கு ஒண்ணுமே தெரியாம வெளையாடியிருக்கா டீச்சர்!" என்றான். போலே அங்கிட்டு என்று நான் விரட்டினேன். ஆனால் அவன் சொன்னதைக் கேட்டுத்தான் பெரிய டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, உங்க சந்தையில எண்ண வாயில சொல்ற நேரமே கிடையாதா?" என்று சோலைமலையிடம் கேட்டார்.

"ஏன் இல்லாம? ஏவாரம் முடிஞ்சு, ஆட்டுக் கயித்தக் கை மாத்திக் குடுத்துட்டா, அப்புறம் ஊருக்கே கேக்கச் சொல்லலாம். அதுவரைக்குந்தேன் மூச்சு விடக் கூடாது."

அவர் போன பிறகு பெரிய டீச்சர் கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாண்டியம்மா, இத்தன நாளா நான் மடத்தனமா வெளையாட வச்சிருக்கேன். எங்க போகப் போறோம்னு முன்னாடியே சத்தம் போட்டுச் சொல்லிட்டு எவனாவது காய நகத்துவானா? அந்தப் புள்ள ஒருத்திதான் ஒழுங்கா ஆடியிருக்கா."

மறுநாள் காலையில் விதி மாறியது. இனிமேல் சொல்லிவிட்டு நடக்கக் கூடாது. நடந்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். கட்டத்தில் போய் நின்று, காலால் ஒரு தட்டுத் தட்டி, "முடிஞ்சது" என்று சொல்லி, அப்புறம் கட்டத்தின் பெயர். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேதான். முத்துலெட்சுமிக்காக என்று சொல்லவே இல்லை.

அவள் முறை வந்தது. போய் நின்றாள். காலைத் தட்டினாள். "முடிஞ்சது" என்றாள். பெரிய டீச்சர் தூணில் கையை ஊன்றிக்கொண்டார். நான் தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றேன்.

"எ... அஞ்சு."

பக்கத்தில் நின்றவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் பெரிய டீச்சருக்குக் கேட்டது. "சரி, அடுத்து எதிராளி என்ன செய்வான்?" என்றார், எப்போதும் போல. அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கேட்டால் செங்கல் பொடி என்பார்.

கணக்குக்கும் அதே வழிதான். சிலேட்டில் எழுதி, கவிழ்த்து வைத்து, "முடிஞ்சது" சொல்லி, அப்புறம் வாயால் சொல்வது. முத்துலெட்சுமி சொன்னாள். வெட்டவும் செய்தாள். அஸ்லம் குதிரையை ஒரே வாரத்தில் எத்தனை தடவை வெட்டினாள் என்று கணக்கே இல்லை. "போதும் தாயே, எனக்குக் கனைக்கக்கூட நேரமில்ல" என்று அவன் அழாத குறை.

ஆனால் பெரிய பள்ளிக்கூடத்தில் சிலேட்டும் இருக்காது, கட்டமும் இருக்காது. சேர்க்கிற நாளில் பெரிய டீச்சருக்கு வேறு வேலை போட்டுவிட்டார்கள். "நீங்க கூடப் போங்க பாண்டியம்மா. அவளுக்கு ஒரு தெரிஞ்ச முகம் இருக்கட்டும்" என்றார். அந்தப் பள்ளிக்கூடத்து வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

போனோம். நான், சோலைமலை, முத்துலெட்சுமி. பெரிய வரிசை. எங்கள் முறை வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்த டீச்சர் பாவம், களைத்துப்போய் இருந்தார். பேர் கேட்டார், சொன்னாள். அப்பா பேர், ஊர், சொன்னாள். ஒரு பாட்டு கேட்டார், பாதிப் பாட்டு பாடினாள்.

"ஒம்பதெட்டு?"

வாய் பூட்டிக்கொண்டது. கை சிலேட்டைத் தேடியது, காற்றைத்தான் பிடித்தது. என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் தெரியும். சந்தை, துண்டு, விதி, எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லலாம். ஆனால் கூச்சத்தில் நான் சோலைமலைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். அந்த டீச்சர் பேனா மூடியால் மேசையைத் தட்டினார். "தெரியலையா? அஞ்சாவதிலேயே ஒரு வருசம் இருக்கட்டுமே" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார்.

அப்போது சோலைமலை தோளில் இருந்த துண்டை எடுத்தார். மேசைமேல் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்து அந்த டீச்சரின் கையில் கொடுத்தார்.

"புடிங்க டீச்சரம்மா. கயித்தக் கை மாத்தியாச்சு."

அந்த டீச்சர் திகைத்துப்போனார். "என்னங்க இது? நான் என்ன ஆடா வாங்குறேன்?"

"ஆட்டவிட ஒசத்தி. அதேன் தரகு கேக்காமக் குடுக்கிறேன்." சொல்லிவிட்டு மகளிடம் குனிந்தார். "ஏவாரம் முடிஞ்சிருச்சு ஆத்தா. இனிமே ஊருக்கே கேக்கச் சொல்லு. அப்பா அடிக்க மாட்டேன்."

முத்துலெட்சுமி காலால் தரையை ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுபத்திரெண்டு!"

வெளியே வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. பத்தெட்டு, பதினோரெட்டு என்று மேலே போனாள். அப்புறம் ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வந்தாள். அந்த டீச்சர் சிரித்துக்கொண்டே, "போதும்மா, போதும். ஆறாவதுலேயே போட்டுட்டேன்" என்ற பிறகுதான் மூச்சு வாங்கினாள். அவ்வளவு நேரமும் அவள் கை அந்த டீச்சர் கையில்தான் இருந்தது. சோலைமலை துண்டை எடுக்க மறந்து நடந்தார், நான்தான் எடுத்து வந்து கொடுத்தேன். வழியில் எனக்கும் பிள்ளைக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார், தனக்கு வாங்கவில்லை.

பெரிய டீச்சர் ஓய்வுபெற்ற பிறகும், நான் ஓய்வுபெறும்வரை அந்தக் கட்டத்தைப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். புதிதாக வந்த டீச்சர்களும் அதில் பாடம் நடத்தினார்கள். காலையில் தரை ஈரமாக இருக்கும்போது அந்தச் செங்கல் பொடியிலிருந்து ஒரு வாசம் வரும். மத்தியானம் நானே கூட்டித் தள்ளிவிடுவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. நாளைக்கும் போடத்தானே போகிறோம். இப்போது இந்த விரிப்பு வந்திருக்கிறது. இதுவும் நல்லதுதான், எறும்பு வராது. மிதிக்கப் பயப்படுகிற பிள்ளையும் இருக்காது. நடந்துவிட்டுச் சொல்வது என்கிற அந்த ஒரு விதியை மட்டும் நிவேதா டீச்சர் மாற்றாமல் வைத்துக்கொண்டால் சந்தோஷம்.

போன வாரம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் "ஆயாம்மா" என்று கூப்பிட்டாள். முத்துலெட்சுமி. பன்னிரண்டாவது எழுதி முடித்துவிட்டாள். பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. "கணக்குல எம்புட்டு வரும் ஆத்தா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு என் முந்தானையை இழுத்து என் கையை மூடினாள். உள்ளே விரலைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து அழுத்தினாள். இந்தத் தடவை எனக்குப் புரிந்தது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கீழே எழுதுகிற எழுத்து இடமிருந்துதானா, செங்கல் பொடி முதல் கட்டத்திலிருந்தா இரண்டாவதிலிருந்தா, திண்டுக்கல்லிலிருந்து அய்யலூருக்கு எத்தனை கட்டம், இதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. பெரிய டீச்சர் இப்போது ஒட்டன்சத்திரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது அவரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். முத்துலெட்சுமி சொன்ன எண்ணை மட்டும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கயிறு இன்னும் கை மாறவில்லை.